நூலகர் ஓய்வு பெறும்போது எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் வைப்பது: தென்னாப்பிரிக்கத் தமிழ் நூலகருக்கான முழுமையான வழிகாட்டி

குவாசுலு-நாட்டாலில் பொது நூலகத்திலோ பள்ளி, கல்லூரி நூலகத்திலோ நீண்ட காலம் வேலை பார்த்து, இன்னும் ஒன்றரை இரண்டு வருடத்தில் வெளியே வரப்போகிறவருக்காக இதை எழுதுகிறேன். தமிழ் அலமாரி ஒன்றைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். நான் ஓய்வு பெற்ற பிறகு, அடுத்தடுத்து வெளியே வந்த பல சகாக்களின் காகிதங்களோடு நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

சறுக்குகிறவர்கள் வேலை தெரியாமல் சறுக்குவதில்லை. வரிசை தப்பிப்போகிறது. ஓய்வு என்றதும் கை முதலில் மேசை இழுப்பறைக்குத்தான் போகிறது. அடுத்தது விடைபெறும் விருந்து, யார் பிரியாணி ஏற்பாடு செய்வது என்ற பேச்சு. பென்ஷன் படிவத்தில் பெயரின் ஒரு எழுத்து மாறியிருப்பது கடைசி மாதத்தில்தான் தெரியவரும். தமிழ்ப் புத்தகங்களைப் பற்றி எழுதி வைக்க வேண்டிய நேரத்தில் உள்துறை அலுவலகத்தின் வரிசையில் நிற்க வேண்டியதாகிவிடும்.

வரிசைக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். பிறர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிய வேலை முதலில். உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கும் விஷயம் அடுத்து. பிறகு அலமாரி. மேசை கடைசி.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த கோப்பு வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, திருமணச் சான்று, முதல் நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், கடைசி இரண்டு வருடச் சம்பளச் சீட்டுகள், வரி எண், வங்கிக் கணக்கை உறுதிப்படுத்தும் கடிதம், எல்லாம் அதற்குள். விவாகரத்தோ துணைவரின் மரணமோ இருந்தால் அந்தச் சான்றுகளும். அலுவலகக் கணினியில் மட்டும் இருக்கும் கடிதங்களை இப்போதே அச்செடுத்து வையுங்கள். வேலை முடிந்த மறுநாள் உங்கள் மின்னஞ்சல் திறக்காது.

இதோடு ஒரு புது நோட்டும் வேண்டும். அதன் வேலை நான்காவது படியில் வருகிறது.

1. தேதியை முடிவு செய்யுங்கள்

எல்லாக் கணக்கும் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன், நீங்கள் எந்த நிதியில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். மாகாண நூலகப் பணியிலோ அரசுப் பள்ளியிலோ இருந்தால் ஜி.இ.பி.எஃப். என்கிற அரசு ஊழியர் ஓய்வூதிய நிதி. நகராட்சி நூலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நிதி வேறு, விதியும் வேறு. பக்கத்து மேசைக்காரர் சொல்லும் கணக்கு உங்களுடையதாக இல்லாமல் போகலாம்.

ஜி.இ.பி.எஃப்.-இல் வழக்கமான ஓய்வு வயது 60. 55-இலிருந்து முன்கூட்டியே போகலாம். ஆனால் 60-க்கு முன்னால் போகும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 58-இல் போனால் 24 மாதம், அதாவது 8 சதவீதம். அந்தக் குறைப்பு முதல் வருடத்தோடு நிற்பதில்லை, கடைசிவரை தொடரும். “இரண்டு வருடம்தானே” என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் பணம் இருக்கிறது. வரி ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் முடிகிறது. எடுக்காத விடுப்புக்குக் கிடைக்கும் தொகை சம்பளத்தைப் போலவே வரிக்கு உட்படும். பிப்ரவரியில் வெளியே வந்தால் அந்தத் தொகை முழு வருடச் சம்பளத்தின் மேல் ஏறி உட்காரும். மார்ச், ஏப்ரல் கடைசியில் வந்தால், சம்பளம் ஒன்றிரண்டு மாதத்துக்கு மட்டுமே உள்ள புது வரி ஆண்டில் விழும். பென்ஷன் வருமானத்தைச் சேர்த்தாலும் பெரும்பாலோருக்கு வரி குறைவாகவே வரும்.

2. பெயரும் உறவும் காகிதத்தில் ஒத்துப்போகின்றனவா?

நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். பிறப்புச் சான்றில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, சம்பளப் பட்டியலில் மூன்றாவது. கோவெண்டர், கோவிந்தர், கோவிந்தன் எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் இருக்கும். அப்பாவின் பெயர் ஒரு காகிதத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் நடுப்பெயராகவும் நிற்கும். வீட்டில் இதை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். கணினி பொருட்படுத்தும்.

மூன்று காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். மாறுதல் இருந்தால் உள்துறை அலுவலகத்தில் திருத்த விண்ணப்பியுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் இது இரண்டாவது படி.

அடுத்தது திருமணம். கோவிலில் தாலி கட்டி, ஊர் கூடிச் சாப்பிட்டு, அதோடு விட்டுவிட்ட தம்பதிகள் இன்னமும் இருக்கிறார்கள். நடத்தி வைத்தவர் அரசு அங்கீகாரம் பெற்ற திருமண அலுவலராக இருந்து பதிவும் செய்திருந்தால்தான் உள்துறையில் சான்று கிடைக்கும். நீங்கள் இல்லாத காலத்தில் துணைவருக்குப் பென்ஷன் போக வேண்டுமென்றால் அவர் கேட்கப்படும் முதல் காகிதம் இதுதான். “எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தைந்து வருடம், யார் கேட்கப்போகிறார்கள்” என்ற பேச்சு அங்கே எடுபடாது. பதிவு இல்லையென்றால் இப்போதே போய் முறைப்படுத்திக்கொள்ளுங்கள்.

கூடவே வாரிசு நியமனப் படிவத்தையும் புதுப்பியுங்கள். ஜி.இ.பி.எஃப்.-இல் அதற்கு டபிள்யூ.பி. 1002 என்று பெயர். வேலைக்குச் சேர்ந்தபோது அம்மாவின் பெயரை எழுதிவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர்.

3. பணிக்காலமும் பணமும்

பணிக்காலம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். 1980-களில் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் (நிறவெறிக் கால நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கான அவை) நிர்வாகத்தின் கீழிருந்த இந்தியப் பள்ளிகளில் ஆசிரியர்-நூலகராகச் சேர்ந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். 1994-க்குப் பிறகு கோப்புகள் வேறு துறைக்குப் போயின. 1996 மே 1 அன்று பழைய அரசு நிதிகள் எல்லாம் ஜி.இ.பி.எஃப்.-க்குள் வந்தன. அந்த இடமாற்றங்களில் தற்காலிகமாக வேலை பார்த்த வருடங்கள் விடுபட்டிருக்கலாம். முதல் நியமனக் கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இனி கணக்கு. பத்து வருடமோ அதற்கு மேலோ பணிக்காலம் இருந்தால் மாதப் பென்ஷனும் ஒரு முறை பணிக்கொடையும் கிடைக்கும். கடைசி 24 மாதச் சராசரியில் வரும் ஆண்டுச் சம்பளத்தைப் பணிக்கால வருடங்களால் பெருக்கி, 55-ஆல் வகுத்து, 360 ரேண்ட் சேர்த்தால் ஆண்டுப் பென்ஷன். அதே சம்பளத்தையும் வருடங்களையும் பெருக்கி அதில் 6.72 சதவீதம் எடுத்தால் பணிக்கொடை.

சம்பளம் ஆண்டுக்கு 3,60,000 ரேண்ட், பணிக்காலம் 30 வருடம் என்று வையுங்கள். பென்ஷன் ஆண்டுக்குச் சுமார் 1,96,724 ரேண்ட், மாதத்துக்குச் சுமார் 16,394. பணிக்கொடை 7,25,760. மனிதவளப் பிரிவு தரும் எண்ணை வாங்குமுன் நீங்களே ஒருமுறை இப்படிப் போட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால், அநேகமாகப் பணிக்கால வருடம்தான் தப்பாக இருக்கும்.

2023 மார்ச்சில் வந்த அட்டவணைப்படி, ஓய்வின்போது மொத்தமாக எடுக்கும் தொகையில் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரி கிடையாது. அடுத்து 7,70,000 வரை 18 சதவீதம், 11,55,000 வரை 27, அதற்கு மேல் 36. இந்த வரம்பு வாழ்நாளுக்கும் சேர்த்து. முன்பு வேறு நிதியிலிருந்து மொத்தமாக எடுத்திருந்தால் அதுவும் கணக்கில் வரும். நீங்கள் வெளியேறும் ஆண்டின் அட்டவணையை எஸ்.ஏ.ஆர்.எஸ். என்கிற வரித்துறையின் இணையப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: அரசு நிதியில் 1998 மார்ச் 1-க்கு முந்தைய பணிக்காலத்துக்கு உரிய பங்குக்கு வரி இல்லை. சேர்ந்த தேதி பதிவில் தள்ளிப்போயிருந்தால் இந்தச் சலுகையும் சுருங்கிவிடும்.

2024 செப்டம்பர் 1 முதல் இரு பானைத் திட்டம் நடப்பில் இருக்கிறது: ஓய்வூதியச் சேமிப்பில் ஒரு பகுதி வேலையில் இருக்கும்போதே எடுக்கக்கூடிய சேமிப்புப் பானைக்கும், மீதி ஓய்வுவரை தொட முடியாத பானைக்கும் போகும். சேமிப்புப் பானையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கலாம் என்றதும், மகள் கல்யாணம், வீட்டுக் கூரை என்று ஓய்வுக்கு முந்தைய வருடத்தில் கை வைக்கிறார்கள். வேலையில் இருக்கும்போது எடுத்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து உங்கள் உச்ச விகிதத்தில் வரிக்குப் போகும். ஓய்வின்போது எடுத்தால் மேலே சொன்ன அட்டவணையில் வரும். ஜி.இ.பி.எஃப்.-இல் முன்னதாக எடுத்த தொகைக்கு ஈடாகப் பணிக்கால வருடமும் குறைக்கப்படுகிறது. கடைசி வருடத்தில் தொடாமல் இருப்பதுதான் நல்லது என்பேன்.

துணைவர் பென்ஷனைப் பற்றி முடிவு செய்ய வேண்டிய இடமும் இதுதான். சாதாரணமாக உங்கள் பென்ஷனில் பாதி துணைவருக்குப் போகும். பணிக்கொடையையோ உங்கள் பென்ஷனையோ கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதை 75 சதவீதமாக்கலாம். துணைவருக்குச் சொந்த வருமானம் இல்லையென்றால் இதை வீட்டில் உட்கார்ந்து பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அலுவலகத்தில் பேனாவை நீட்டும் அவசரத்தில் முடிவு செய்கிற விஷயம் அல்ல இது.

இரண்டு சிறிய வேலைகள் மீதி. நிலுவையில் உள்ள வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்துவிடுங்கள். எஸ்.ஏ.ஆர்.எஸ். வரி உத்தரவு கொடுத்தால்தான் நிதி பணம் தரும், பாக்கி இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். அடுத்து, 2000 ஜூலை 1-க்கு முன் சேர்ந்த விடுப்பு நாட்கள் உங்கள் கணக்கில் இருந்தால் எழுத்தில் உறுதி வாங்குங்கள். பொதுப்பணியில் அவற்றுக்கு ஓய்வின்போது பணம் உண்டு.

வெளியேற்றப் படிவம் இசட் 102, வங்கி விவரப் படிவம் இசட் 894. இரண்டையும் மனிதவளப் பிரிவு அனுப்பும். அனுப்பியதற்கான சான்றை நகல் வாங்கி உங்கள் கோப்பில் வையுங்கள். “அனுப்பியாச்சு அக்கா” என்பது சான்று ஆகாது.

4. தலைக்குள் இருப்பதை எழுதுங்கள்

புது நோட்டை இப்போது எடுங்கள். காகிதங்கள் அலுவலகங்களில் நகர்ந்துகொண்டிருக்கும் இந்த மாதங்கள்தான் எழுத ஏற்ற காலம்.

“கைப்பொறுப்பு அறிக்கை” என்று தலைப்பிட்டு ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்தால் எதுவும் வராது. நூலக விதிகளைத்தான் திரும்ப எழுதுவீர்கள், அவை ஏற்கெனவே அச்சில் இருக்கின்றன. யாராவது ஒரு கேள்வியோடு வந்து, நீங்கள் யோசிக்காமல் பதில் சொன்னால், அவர் போனதும் அதை எழுதுங்கள். யோசிக்காமல் வந்த பதில்தான் உங்களோடு போய்விடக்கூடியது. இப்படி ஓராண்டு எழுதினால் மார்ச் நூலக வாரம், செப்டம்பர் பாரம்பரிய மாதம், புரட்டாசி, தைப்பூசம், பள்ளித் தேர்வுக் காலம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். கடைசி மூன்று மாதத்தில் எழுதுகிறவருக்கு வருடத்தின் முக்கால் பங்கு நினைவில் வராது.

ஒவ்வொரு பதிவிலும் நான்கு விஷயம் இருக்கட்டும்: கேட்டவர் எந்த மாதிரி ஆள், அவர் கேட்டது என்ன, அவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது என்ன, எங்கே கிடைத்தது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அனுபவம் அதில்தான் இருக்கிறது.

நம் பக்கத்தில் அடிக்கடி வரும் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். “எங்க பாட்டன் எந்தக் கப்பல்ல வந்தாரு?” 1860 முதல் 1911 வரை நாட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். 384 கப்பல் பயணங்கள். கேட்பவருக்குப் பல சமயம் வேண்டியது கப்பலின் பெயர் அல்ல, இந்திய அரசு வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்க ஒரு காகிதம். அதற்குக் காலனி எண் வேண்டும், அதாவது ஒப்பந்தக் கூலியாக வந்த ஒவ்வொருவருக்கும் பதிவில் கொடுத்த எண். அந்த எண்ணில்தான் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடல் அடையாளம், ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் தொங்குகின்றன.

புதியவர் செய்யும் முதல் தவறு, இன்றைய குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுவது. வந்தவர் தன் ஒற்றைப் பெயரில்தான் பதிவானார். அந்தப் பெயரே பிற்பாடு குடும்பப் பெயராகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். இரண்டாவது தவறு, இன்றைய எழுத்துக்கூட்டலை நம்புவது. முனியம்மா என்ற பெயர் எழுத்தருக்குக் கேட்டபடி நான்கைந்து விதமாக இருக்கும். சிங்கிள்புட் என்று இருந்தால் செங்கல்பட்டு, ட்ரிச்சினாபொலி என்றால் திருச்சி. அதனால் முதலில் குடும்பத்திடமிருக்கும் பழைய காகிதத்தில், பாட்டனின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவில் காலனி எண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மட்டும் கப்பல் பட்டியலுக்குப் போகலாம். வெஸ்ட்வில்லில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம், மாகாண ஆவணக் காப்பகங்கள் என்று அடுத்த கதவுகளையும் வரிசையாக எழுதிவிடுங்கள்.

ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் இந்த அளவுக்கு விரிந்தால் போதும். இருபது, இருபத்தைந்து கேள்வி இப்படி எழுதிவிட்டால் உங்கள் பணிக்காலத்தில் பெரும்பகுதி அதில் வந்துவிடும்.

நோட்டைக் கையால் எழுதுங்கள், பிறகு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து நூலகப் பொதுக் கோப்பில் ஏற்றுங்கள். தமிழில் மட்டும் வைத்தால் அடுத்து வருபவருக்குப் பயன்படாது.

5. தமிழ் அலமாரி

தமிழ் படிக்கத் தெரிந்த கடைசி ஊழியர் நீங்கள்தான் என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். அப்படி இல்லாவிட்டால் நல்லதுதான், ஒன்றும் கெட்டுப்போகாது. அடுத்தவருக்குப் படிக்க முடியாத புத்தகம் பட்டியலில் சரியாக இல்லையென்றால், அடுத்த முறை பழைய புத்தகங்களைக் கழிக்கும்போது “யாரும் எடுக்கவில்லை” என்ற ஒரு வரியோடு போய்விடும்.

முதலில் படம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்பக்கம் என மூன்று படம், பட்டைக்குறி தெரியும்படி. தொலைபேசிக் கேமரா போதும். படம் இருந்தால் தமிழ் தெரிந்த யாரும், சென்னையில் இருந்துகொண்டே கூட, பிறகு பதிவைச் சரிசெய்ய முடியும். நேரம் போதாமல் போனால் மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் இது மட்டும் முடியட்டும்.

அடுத்து பதிவு. தலைப்பை யூனிகோடு தமிழிலும் ரோமன் எழுத்திலும் உள்ளிடுங்கள். நூலகக் கணினிப் பட்டியலின் வடிவமான மார்க் பதிவில் தமிழ் வரிவடிவத்துக்கு 880 என்ற புலம் இருக்கிறது, மொழிக்குறி டி, ஏ, எம். ரோமன் வடிவத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறையைப் பின்பற்றுங்கள். உலகப் பட்டியல்களோடு அதுதான் பொருந்தும். ஆனால் ழகரத்துக்கு எல் எழுத்தின் கீழே கோடு போட்டு நம் ஊரில் யாரும் தேட மாட்டார்கள். அவர்கள் வீட்டில் எழுதுகிற மாதிரிதான் தட்டுவார்கள். அந்த எழுத்துக்கூட்டலையும் மாற்றுத் தலைப்பாகச் சேருங்கள்.

ஆசிரியர் பெயரில் பழக்கப்பட்ட குழப்பம் ஒன்று உண்டு. மு. வரதராசன் என்றால் வரதராசன் என்பதுதான் அவர் பெயர், மு. தகப்பன் பெயரின் முதலெழுத்து. பதிவு வரதராசன் என்று தொடங்க வேண்டும். ஆனால் முன்னெழுத்து விரிந்து தகப்பன் பெயர் முழுதாக நிற்கும் புத்தகங்களில் புதியவர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவரையே இரண்டு ஆளாக்கிவிடுவார். உங்கள் அலமாரியில் அதிகம் உள்ள ஆசிரியர்களுக்கு ஒரு பெயர்ப் பட்டியல் எழுதி வையுங்கள்.

வகை எண்ணில் டூயி முறைப்படி தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811, இந்து சமயம் 294.5. தேவாரம், திருவாசகத்தை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். இலக்கியத்திலும் வைக்கலாம், சமயத்திலும் வைக்கலாம், காரணம் இருந்தால் இரண்டும் சரி. பாதி இங்கே பாதி அங்கே என்று இருந்தால்தான் தப்பு. நான் சமயத்தில் வைப்பேன். மார்கழியில் கேட்டு வருகிறவர் அங்கேதான் தேடுகிறார்.

பழைய பதிப்புகளில் ஆண்டு. தலைப்புப் பக்கத்தில் தமிழ் எண்களோ, “சித்திரபானு வருடம் ஆடி மாதம்” என்றோ இருக்கும். அறுபது வருடச் சுழற்சி என்பதால் சித்திரபானு 1882-இலும் வரும், 1942-இலும் வரும். தாள், அச்சகம், விலை குறித்திருக்கும் விதம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவை இன்று உங்களால் சொல்ல முடியும். பென்சிலால் பின்பக்கம் எழுதாமல் பதிவின் குறிப்புப் புலத்தில் எழுதுங்கள்.

1990-களில், 2000-களின் தொடக்கத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பட்டியல்கள் இருந்தால், இன்றைய கணினியில் அவை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். பழுதான கோப்பு என்று அடுத்தவர் அழித்துவிடுவார். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு க்ஷ, ஸ்ரீ, மெய்யெழுத்துப் புள்ளி, கொம்பு இருக்கும் இடங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். அங்கேதான் உடையும்.

பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள், தெருக்கூத்து நோட்டுகள், கோவில் ஆண்டுவிழா மலர்கள், தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு நிகழ்ச்சி நிரல்கள். இவற்றைத் தனிப்பெட்டியில் வைத்து, தனியாகப் பட்டியலிடுங்கள். கடையில் வாங்கிய நாவலுக்கு இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோவில் குழு அச்சிட்ட மலருக்குக் கிடைக்காது. உள்ளூர் வெளியீடுகளில் மிகைப் பிரதி இருந்தால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ம்சுண்டூசி நகராட்சி நூலகத்தில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1997-ஆம் ஆண்டின் சட்டப்படி அது சட்டப்பூர்வ வைப்பு நூலகங்களில், அதாவது வெளியீடுகளின் பிரதியைச் சட்டப்படி பெற்றுப் பாதுகாக்கும் நூலகங்களில், ஒன்று.

டர்பன் ஈரத்துக்குப் பழைய தாள் சீக்கிரம் பூக்கும், இராமபாணப் பூச்சியும் வரும். பிய்ந்த முதுகுக்கு ஒட்டும் நாடா போடாதீர்கள், பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். அந்துருண்டையும் வேண்டாம், படிக்க உட்காருகிறவருக்குத் தலைவலிதான் வரும். தரையோடு ஒட்டிய தட்டைக் காலியாக விடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை.

6. எது யாருடைய புத்தகம்?

ஒரே அலமாரியில் மாகாண நூலகப் பணி அனுப்பியது, நகராட்சி வாங்கியது, குடும்பங்கள் கொடுத்தது, நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தது என்று நான்கும் கலந்திருக்கும். முத்திரையைப் பார்த்துப் பிரியுங்கள். முத்திரையே இல்லாதவற்றைத் தனிப் பட்டியலாக எழுதுங்கள்.

குடும்பங்கள் கொடுத்ததில்தான் சிக்கல். “தாத்தாவோட புத்தகம், இங்கேயே இருக்கட்டும்மா” என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போனார் என்றால், அது தானமா, பாதுகாப்புக்கு வைத்ததா? சொன்னவர் இருக்கும்போதே கேட்டு ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். அவர் இல்லாமல் போனபிறகு பேரன்கள் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். இதை நீங்கள் நேரில் செய்வதுதான் சரி. நீங்கள் போய் “மாமா” என்று கூப்பிட்டு உட்கார்ந்தால் காபி வரும், கையெழுத்தும் வரும். அடுத்து வருபவர் அலுவலக மின்னஞ்சல் அனுப்பினால் பதிலே வராது.

நூலகச் சொத்தைக் கோவிலுக்கோ தமிழ்ப் பள்ளிக்கோ நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும். நகராட்சிச் சொத்தை அகற்றுவதற்கு 2003-ஆம் ஆண்டின் நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. முறைப்படி விலக்கி, எழுத்து அனுமதி வாங்கிய பிறகே வெளியே போகலாம். போகும் இடத்தையும் யோசியுங்கள். கோவில் அலமாரியில் வைத்தால் சாவி ஒரு குழுவிடம் இருக்கும், அடுத்த தேர்தலில் குழு மாறும், சாவி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. டர்பனில் 1860 பாரம்பரிய மையமோ, வெஸ்ட்வில் ஆவண மையமோ ஏற்றுக்கொண்டால் அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

7. கணினி, தொலைபேசி, பிறர் விவரங்கள்

வாசகர்களின் அடையாள எண், முகவரி, குடும்ப மரக் குறிப்பு ஆகியவற்றை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போப்பியா, 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. நான்காவது படியில் எழுதும் நோட்டிலும் கேட்டவரின் பெயர் வேண்டாம், கேள்வி மட்டும் போதும்.

வாட்ஸப் குழுக்களின் நிர்வாகம் உங்கள் சொந்த எண்ணில் இருந்தால் நூலக எண்ணுக்கு மாற்றுங்கள். கடவுச்சொற்களைத் தாளில் எழுதி ஒட்டாமல் மேலாளர் வழியாகக் கைமாற்றுங்கள்.

8. அடுத்தவரோடு உட்காருதல்

அடுத்தவர் வந்திருந்தால் நீங்கள் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். அவர் முன்னால், நீங்கள் பக்கத்து நாற்காலியில். கேள்விக்கு அவர் பதில் சொல்லட்டும். வாசகர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார், நீங்கள் அவரைப் பாருங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் இந்தப் படியில் கடினமான பகுதி.

அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும், சுலு மொழி பேசுகிறவராக இருந்தாலும், 12 உயிர், 18 மெய்யின் வடிவங்களை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்கலாம். படிக்க வேண்டியதில்லை, முதுகுத் துண்டில் உள்ள ரோமன் எழுத்தோடு அட்டையைப் பொருத்திப் பார்க்கும் அளவுக்குப் போதும். தலைகீழாக அடுக்கப்பட்ட தமிழ்ப் புத்தகங்கள் அதோடு நின்றுவிடும்.

ஆட்களையும் அறிமுகப்படுத்துங்கள்: தமிழ்ப் பள்ளி ஆசிரியர், கோவில் செயலாளர், ஒவ்வொரு பாரம்பரிய மாதத்திலும் கண்காட்சிக்குப் பழைய படங்கள் கொண்டுவரும் அந்த அக்கா. பெயர் மட்டும் கொடுத்தால் போதாது, நேரில் கூட்டிப்போங்கள்.

அடுத்தவர் வராமலும் போகலாம். பணியிடம் நிரப்பப்படாமல் மாதக்கணக்கில் கிடப்பது இங்கே சாதாரணம். அப்படியானால் யாரென்று தெரியாத ஒருவருக்காக எழுதுகிறீர்கள் என்று வைத்து, நோட்டின் நகலை மேலாளரிடம் ஒன்று, நூலக உதவியாளரிடம் ஒன்று கொடுங்கள். ஒருவர் இடம் மாறினாலும் இன்னொருவர் இருப்பார்.

9. கடைசி வாரம்

இப்போதுதான் மேசை. சாவிகள், அலுவலக அட்டை, மடிக்கணினி, இரவல் எடுத்த புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் ஒப்படைப்புச் சீட்டில் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் பெயரில் ஒரு புத்தகம் நிலுவையில் இருந்தால் கூட இறுதிக் கணக்கு நிற்கக்கூடும். நூலகர் பெயரில் தாமதப் புத்தகம் என்பது கேட்கவும் நன்றாக இருக்காது.

பணிச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு அதை உங்களுக்கு உரிமையாகவே தருகிறது. விருந்தை வெள்ளிக்கிழமை வைக்கிறார்கள் என்றால் கையெழுத்துகளை வியாழக்கிழமைக்குள் முடியுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் யாரும் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார்கள். புரட்டாசியில் விருந்து விழுந்தால் சைவம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

10. வெளியே வந்த பிறகு

முதல் பென்ஷன் கடைசிச் சம்பளத்தை ஒட்டியே வரும் என்று நம்ப வேண்டாம். மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். மருத்துவத் திட்டத்தில் உறுப்பினர் நிலை ஓய்வூதியராக மாறியிருக்கிறதா என்று முதல் மாதமே கேளுங்கள். சந்தா சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது, இனி அது தானாகப் போகாது. ஒரு மாதம் விட்டாலும் மருந்துக்கடையில் அட்டை நிராகரிக்கப்படும்.

முதல் சில மாதம் மேசைப் பக்கம் போகாதீர்கள். வாசகர் உங்களைப் பார்த்தால் புதியவரைத் தாண்டி உங்களிடம்தான் வருவார். சந்தேகம் கேட்க வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் என்று புதியவரிடம் சொல்லி வையுங்கள், தொலைபேசியில் போதும். அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நோட்டில் விட்டுப்போன ஒரு பக்கம். பதில் சொன்ன கையோடு அவரையே அதை எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

முகவரியோ வங்கியோ மாறினால் நிதிக்கு உடனே தெரிவியுங்கள். உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்டு நிதியிலிருந்து கடிதம் வந்தால் ஓரமாக வைத்துவிடாதீர்கள். பதில் போகாவிட்டால் பென்ஷன் நிறுத்தி வைக்கப்படும், திரும்பத் தொடங்க நீங்களே நேரில் போய் நிற்க வேண்டியிருக்கும். மகன் கேப்டவுனிலோ மகள் வெளிநாட்டிலோ இருந்து, நீங்கள் மாதக்கணக்கில் அங்கே தங்கப் போகிறீர்கள் என்றால், பக்கத்து வீட்டாரிடம் தபால்பெட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.